அலையே இல்லாத ஊரில் ஒரு சர்ஃப் போர்டு!

"இன்னா சார் இது.. பொணப்பெட்டி மூடியா?"

ஜமுனாமரத்தூரில் குட்டியானை வண்டியிலிருந்து அந்த வஸ்துவை இறக்கியபோது டீக்கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி. அவ்வளவுதான், ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். "இஸ்திரி போடற டேபிள்ப்பா!" "சேச்சே, ஏதோ கோயில் கதவு." ஒரு பொடியன் மட்டும் கிட்டே வந்து தொட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னான். "பெரிய மீனு!"

ஏழடி நீளம். முன்பக்கம் கூர். பின்பக்கம் அடியில் மூன்று ஃபின். சர்ஃப் போர்டு ஸார், சர்ஃப் போர்டு! கடலில் அலை மேல் நின்று சறுக்குவார்களே, அந்தப் பலகை. கடல் எங்கே என்று கேட்காதீர்கள். எங்கள் ஜவ்வாது மலையிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர்.

மலைக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் என் சம்சாரம் வழியில். அவளுக்கு இங்கே பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. பி.காம். படித்த அடியேன் வீட்டில் உட்கார்ந்து இரண்டு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். மிச்ச நேரத்தில் பத்திரிகைக்கு எழுதுகிறேன். அதிலும் மிச்சம் இருக்கும் நேரத்தில், பாத்ரூம் கதவுக்குப் பெயிண்ட் அடிப்பதாக இரண்டு வருஷமாக வாக்குக் கொடுத்து வருகிறேன்.

மச்சினனுக்குச் சென்னை ஓ.எம்.ஆரில் கம்ப்யூட்டர் வேலை. சனி, ஞாயிறு வந்தால் கோவளத்துக்கு ஓடிப்போய் அலையில் சறுக்குவான். சறுக்குவான் என்றால், பெரும்பாலும் விழுவான்.

"கோவளத்துல சர்ஃபிங்கா?" என்று ஆச்சரியப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த ஊர் மீனவர் மூர்த்தி மேகவன், தொழிலதிபர் அருண் வாசுவுடன் சேர்ந்து 2012-ல் அங்கே சர்ஃபிங் பள்ளி ஆரம்பித்தார். மீனவப் பையன்கள் பலர் இன்று சொல்லிக்கொடுக்கும் வாத்தியார்கள். 2025 ஆகஸ்ட்டில் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப்பே நம்ம மாமல்லபுரத்தில் நடந்தது. கர்நாடகத்துக்காரர் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார். ஆக, இது இப்போது நம்மூர் சமாச்சாரம்.

விஷயத்துக்கு வருவோம். அந்த போர்டு மச்சினனுடையது அல்ல. அங்கேதான் வில்லங்கம்!

"பரவால்லண்ணா!"

கோவளம் குப்பத்துப் பையன் ஒருத்தன். பதினாறு வயசு. மச்சினனுக்கு அலை பிடிக்கச் சொல்லிக் கொடுப்பவன். "ஒரு ரவுண்டு குடுடா தம்பி" என்று அவன் போர்டை வாங்கிக்கொண்டு போன நம்மாள், நேராகக் கல்லில் கொண்டுபோய் மோதினான். அடியில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். அது போதாதென்று அதே போர்டில் இன்னும் ஒரு மணி நேரம் சறுக்கியிருக்கிறான்.

பையன் பார்த்தான். "பரவால்லண்ணா" என்றான்.

திட்டியிருந்தால்கூடத் தேவலாம். அந்தப் 'பரவால்ல' மச்சினன் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. பையனிடம் இருப்பதே ஒரு போர்டு. யாரோ உபயோகித்துவிட்டுக் கொடுத்தது. மூன்று வாரத்தில் அவனுக்கு ஒரு போட்டி வேறு. ரிப்பேர் செய்பவரிடம் பெரிய க்யூ. மச்சினன் குடியிருக்கும் வீட்டு ஓனரோ, சுவரில் ஆணி அடித்தாலே ஆஸ்பத்திரிக்குப் போகிற ரகம். எனவே..

"மாமா, நீங்கதான் கைவேலையெல்லாம் பண்ணுவீங்களே! புதுசு மாதிரி பளபளன்னு பெயிண்ட் அடிச்சுக் குடுத்துடலாம் மாமா!"

கைவேலை என்று அவன் சொன்னது, அவனுடைய அக்கா கல்யாணத்தில், அதாவது என் கல்யாணத்தில், மணமக்கள் பெயரைத் தெர்மோகோலில் நானே வெட்டியதை. கூலி மிச்சம் பிடிக்கச் செய்தது இத்தனை வருஷம் கழித்து இப்படி வினையாக வரும் என்று யார் கண்டது?

பளபளா.. பூரி!

நாங்கள் முதலில் செய்ததை அப்படியே சொல்கிறேன். நீங்கள் செய்யாமல் இருப்பதற்காக.

கால் வழுக்காமல் இருக்க மேல்பக்கம் மெழுகு தேய்த்திருப்பார்கள். கொஞ்ச நேரம் வெயிலில் வைத்து, மெழுகு இளகியதும் ரேஷன் ஸ்மார்ட் கார்டால் சுரண்டினோம். (மனைவி பார்க்கவில்லை.) விரிசல் மேல் சுவருக்கு வைக்கும் பட்டியை அப்பினோம். உப்புத்தாள் போட்டு நாலு தேய். பிறகு வீட்டில் இருந்த கருநீல எனாமல் பெயிண்ட். இரண்டு கோட்டிங்!

அடடா.. அழகு என்றால் அழகு! கல்யாண மாப்பிள்ளை மாதிரி மின்னியது. போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டதில் பதினேழு கட்டைவிரல் விழுந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம். வைகாசி வெயில். வாசலில் சாத்தியிருந்த போர்டைப் பார்த்த மச்சினன், "மாமா!" என்று அலறினான். ஓடிப் போய்ப் பார்த்தால், விரிசல் இருந்த இடத்தைச் சுற்றிப் பூரி மாதிரி உப்பியிருக்கிறது! விரலால் அழுத்தினேன். பெயிண்ட் கிழிந்து, பழுப்பாகத் தண்ணீர் கோடு போட்டது. மச்சினன் தொட்டு நாக்கில் வைத்தான்.

"உப்பு மாமா!"

வங்காள விரிகுடாவே எங்கள் வாசலுக்கு வந்துவிட்டது. நான் 'ஙே' என்று விழித்தேன்.

பக்கத்து வீட்டில் நிலைக்கதவு வேலை பார்த்துக்கொண்டிருந்த ஆசாரி எட்டிப் பார்த்தார். "பச்ச மரத்துல பெயிண்ட் அடிச்ச கதையா இருக்கே சார்! ஈரத்த உள்ள வெச்சு மூடுனா, அது எங்க போவும்?"

உள்ளே என்ன இருக்கிறது?

ஹவாய் தீவுக்காரர்கள் அந்தக் காலத்தில் மரப்பலகையில் சறுக்கினார்கள். 1950-களின் கடைசியில் அமெரிக்காவில் பாலியூரிதேன் நுரையில் போர்டு செய்ய ஆரம்பித்தார்கள். இன்றைய போர்டின் வயிற்றைக் கிழித்தால் நுரைக்கட்டி இருக்கும். பெரும்பாலும் நடுமுதுகில் நீளவாட்டில் மெல்லிய மரச்சட்டம், முதுகெலும்பு மாதிரி. சுற்றிலும் கண்ணாடி இழைத் துணி சுற்றி, ரெசின் ஊற்றி இறுக்கிய தோல். தோல் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்கூட இருக்காது. ஆனால் பலம் எல்லாம் அந்தத் தோலும் நுரையும் ஒட்டிக்கொண்டிருப்பதில்தான்.

விரிசல் விழுந்தால் கடல் தண்ணீர் நுரைக்குள் போகும். அதை மூடிவிட்டு வெயிலில் வைத்தால், உள்ளே இருக்கும் ஈரமும் காற்றும் சூடாகி விரியும். வெளியே வர வழியில்லை. தோலை நுரையிலிருந்து நெம்பித் தூக்கும். கறுப்பு, கருநீலம் மாதிரி நிறங்கள் வெயிலை உறிஞ்சுவதால் சூடு இன்னும் அதிகம். ஆக, நாங்கள் செய்தது இரண்டு தப்பு. ஈரத்தைப் பூட்டினோம். பூட்டிய வீட்டுக்கு அடுப்பும் மூட்டினோம்!

பி.காம். பாடம்

மச்சினன் ராத்திரி பூராவும் யோசித்துவிட்டுக் காலையில் ஒரு ஐடியாவோடு வந்தான்.

"மாமா, ஊசியால குத்தி தண்ணிய எடுத்துட்டு மேல இன்னொரு கோட்டிங் அடிச்சா தெரியவே தெரியாது. போட்டி ஒரே நாள்தானே? தாங்கிடும்."

உண்மையைச் சொல்கிறேன். எனக்கும் சபலம் தட்டியது. பதினேழு கட்டைவிரல் வாங்கிய பெயிண்ட் ஸார் அது!

காமர்ஸ் படித்தவர்களுக்கு 'விண்டோ டிரெஸ்ஸிங்' என்றால் தெரியும். உள்ளே நஷ்டம் நுரை தள்ளிக்கொண்டிருக்கும். பாலன்ஸ் ஷீட்டை மட்டும் ஜோடித்துக் காட்டுவது. மார்ச் 31 ஒரு நாள் தாண்டினால் போதும் என்பார்கள். அந்த ஒரு நாளில் கையெழுத்துப் போடுகிறவன் மேல்தான் பிற்பாடு கூரை விழும். இங்கே கூரைக்குப் பதில் அலை. தோல் விட்ட போர்டில் தடாலென்று ஏறி நின்றால் குதிகால் உள்ளே இறங்கலாம். போர்டே இரண்டாக ஒடியலாம். ஒடிந்த பாதி, பையன் கணுக்காலில் கட்டிய கயிற்றோடு அவன் பின்னாலேயே வரும். கண்ணாடி இழை விளிம்பு என்றால் கத்தி மாதிரி.

"போன் போட்டுச் சொல்லிடுடா" என்றேன்.

"நீங்களே சொல்லுங்க மாமா."

சொன்னேன். தப்பு எங்களுடையது, போட்டிக்குள் தயாராவது சந்தேகம் என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் அலைச் சத்தம் மட்டும் கேட்டது.

"கலர் யாருண்ணா கேட்டா? தண்ணி நிக்காம இருந்தா போதும். நல்லா காய வைங்க. எங்க தாத்தா கடல்லேர்ந்து வந்ததும் கட்டுமரத்தயே அவுத்துத்தான் போடுவாரு."

சுருக்கென்றது. கட்டுமரம் நம்முடைய வார்த்தை. இங்கிலீஷ்காரன் கடன் வாங்கிக் 'கேடமரான்' ஆக்கிக்கொண்டான். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகக் காயப் போடுவார்கள். ஊறிய மரம் கனக்கும், மிதக்காது. 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் பெருகிவிட்டன. அவற்றை ஒட்டும் ரெசினும் கண்ணாடித் துணியும்தான் சர்ஃப் போர்டை ஒட்டவும் தேவை. அதாவது இந்த வித்தை குப்பத்தில் எல்லோருக்கும் அத்துப்படி. மலையில் நாங்கள்தான் மேதாவிகள்!

தூளியில் போர்டு

முதலில் என் அழகான நீலத்தைச் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது. பெயிண்டை உரிக்கும் மருந்து போட்டால் போர்டின் தோலையும் சேர்த்து அரித்துவிடும். எனவே கையால், உப்புத்தாளால், இரண்டு நாள். கண்ணாடி இழைத் தூள் உடம்பில் பட்டால் அரிக்கிற அரிப்பு இருக்கிறதே, சொறி பிடித்தவன்கூட நம்மைப் பார்த்துப் பரிதாபப்படுவான். முழுக்கைச் சட்டை, மாஸ்க், மூக்குக் கண்ணாடி மூன்றும் அவசியம். மச்சினன் லுங்கியோடு உட்கார்ந்தான். அந்த லுங்கியைப் பிறகு யாரும் தொடவில்லை.

அப்புறம் ஆசாரி யோசனைப்படி, உப்பியிருந்த தோலைப் பிளேடால் வெட்டித் திறந்தோம். பழுத்துப் போயிருந்த நுரையைச் சுரண்டி எடுத்தோம். நல்ல தண்ணீரில் உப்பை அலசினோம். திறந்த வாய் கீழே இருக்கும்படி நிழலில் தொங்கவிட வேண்டும். எங்கே தொங்கவிடுவது? தாழ்வாரத்து உத்தரத்தில் தூளி கட்டும் கொக்கி இருந்தது. பழைய புடவையில் போர்டைக் கட்டித் தொங்கவிட்டோம்.

மறுநாள் காலையில் நாலு பெண்கள் வந்து மனைவியிடம் கேட்டார்கள். "டீச்சர்.. ஏதாச்சும் விசேஷமா?"

காய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கணக்குப்பிள்ளை மூளை இங்கேதான் உதவியது. நான் கணக்கு எழுதும் சாமை, புளி மண்டியில் தராசு இருக்கிறது. போர்டைத் தூக்கிக்கொண்டு போய் நிறுத்தோம். 5 கிலோ 100 கிராம். தினம் ஒரு தடவை நிறுத்து நோட்டில் எழுதினேன். 4.950.. 4.800.. நடுவில் சாயங்கால மழை வந்து காற்றே ஈரமாகி, இரண்டு நாள் ஒரு கிராம்கூடக் குறையவில்லை. பதினாறாவது நாள் 4 கிலோ 200. அடுத்த இரண்டு நாளும் அதே 4.200. காய்ந்துவிட்டது! தொள்ளாயிரம் கிராம். கிட்டத்தட்ட ஒரு லிட்டர் கடலை வைத்துப் பூட்டியிருக்கிறோம்.

இதற்குள் போட்டி வந்து போய்விட்டது. பையன் சிநேகிதன் போர்டை இரவல் வாங்கிக் கலந்துகொண்டு, இரண்டாவது ரவுண்டில் தோற்றான். பழகாத போர்டு. போனில் மறுபடியும் அதே "பரவால்லண்ணா". எங்கள் கணக்கில் அது நஷ்டம்தான். எந்தப் பக்கம் எழுதினாலும் நஷ்டம்தான்.

மலையிலேயே ஒரு குரு

தேய்க்கும் வேலை அலுத்தபோது எனக்குக் காவலூர் ஞாபகம் வந்தது. இதே ஜவ்வாது மலையில், 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறதே வைணு பாப்பு வானாய்வகம், அங்கே. 1986-ல் துவக்கி வைத்த பெரிய டெலஸ்கோப்பின் கண்ணாடிக்குக் குறுக்களவு 2.34 மீட்டர். அடிக்கணக்கில் ஏழே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவு. எங்கள் போர்டை விட ஒரு சாண் அதிகம்!

அந்தக் கண்ணாடிக்கும் மேலே ஒரு 'பெயிண்ட்' உண்டு. அலுமினியப் பூச்சு. தலைமுடியின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். நாளடைவில் மங்கும். மங்கியதும் அதன் மேலேயே இன்னொரு கோட்டிங் போடுவதில்லை. பழையதை முழுக்க நீக்கி, கழுவி, காயவைத்து, காற்றை உறிஞ்சி எடுத்த பெரிய அறைக்குள் வைத்துப் புதிதாக அலுமினியம் படியவிடுவார்கள். ஒரு துளி அழுக்கு அடியில் இருந்தாலும் பூச்சு பிடிக்காது. நட்சத்திரம் பார்க்கிறவர்களே அடித்தளத்துக்கு அத்தனை மெனக்கெடும்போது, நானும் மச்சினனும் மெனக்கெட்டால் கிரீடம் இறங்கிவிடாது.

நீங்களும் செய்வதாக இருந்தால்..

* உள்ளே இருப்பது எந்த நுரை என்று முதலில் பாருங்கள். மணி மணியாக வெள்ளையாக இருந்தால் அது தெர்மோகோல் ஜாதி. (2017-ல் வைகை அணையில் மிதந்ததே, அதே ஜாதி!) பாலியஸ்டர் ரெசின், தின்னர், பெட்ரோல் எது பட்டாலும் கரைந்து பள்ளமாகிவிடும். அதற்கு எபாக்ஸி ரெசின்தான். எங்களுடையது பாலியூரிதேன். பாலியஸ்டர் போதும்.

* ஃபைபர் கடையில் ரெசினோடு கோபால்ட், கேட்டலிஸ்ட் என்று இரண்டு பாட்டில் தருவார்கள். இந்த இரண்டையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்காதீர்கள், வெடிக்கும்! கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகுதான் கேட்டலிஸ்ட். அதுவும் நூறு கிராமுக்கு ஒன்றிரண்டு கிராம். மச்சினன் "சீக்கிரம் காயட்டும் மாமா" என்று தாராளம் காட்டியதில், பேப்பர் கப்பே புகைந்து உள்ளே இருந்தது கல்லாகிவிட்டது. கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடி போடாமல் தொடாதீர்கள். திறந்த வெளியில் செய்யுங்கள். பீடி, சிகரெட்டுக்கு அன்று லீவு.

* பள்ளத்தை நிரப்பி, கண்ணாடித் துணியில் சின்னதாக ஒரு துண்டு, அதைவிடப் பெரிதாக இன்னொரு துண்டு ஒட்டுங்கள். காய்ந்ததும் 120, 220, 400 நம்பர் தாள். 400-ஐத் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். கண்ணை மூடிக்கொண்டு தடவினால் ஒட்டுப் போட்ட இடம் தெரியக்கூடாது.

* அதற்குப் பிறகுதான் ஸார் பெயிண்ட்! கதவு எனாமல் வேண்டாம், கனம். போர்டு வளையும்போது வெடிக்கும். தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக், வெளிர் நிறம், மெல்லிசாக இரண்டு மூன்று தடவை. மேலே அக்ரிலிக் கிளியர் ஸ்ப்ரே, அதுவும் மெல்லிசாக. ஒரே மூச்சில் அடித்தால் மூக்கு ஒழுகுவது மாதிரி ஒழுகும். கார் பட்டறையில் இரண்டு டப்பா கலந்து அடிக்கும் கிளியர் வீட்டுக்கு ஆகாது. அந்தப் புகை நுரையீரலுக்கு எமன்.

* ஒரு வாரம் நிழலில் விடுங்கள். மேல்பக்கத்துக்குப் பாலீஷ் போட்டுவிடாதீர்கள். கால் நிற்க வேண்டிய இடம் அது. கடைசி வேலை, பிடிமானத்துக்கு மெழுகு.

தேங்காய் டெஸ்ட்

பையன் கேட்டது வெள்ளைதான். நடுவில் ஒரே ஒரு மஞ்சள் கோடு. டேப் ஒட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நான் இழுத்த கோடு, வால் பக்கத்தில் இரண்டு மில்லிமீட்டர் விலகியிருக்கிறது. மச்சினன் தவிர யாருக்கும் சொல்லவில்லை. இப்போது உங்களுக்கும்.

கோவளத்தில் கொண்டுபோய்க் கொடுத்தோம். பையன் மஞ்சள் கோட்டைப் பார்க்கவே இல்லை. போர்டைக் கவிழ்த்துப் போட்டு, ஒட்டுப் போட்ட இடத்தில் கட்டைவிரலால் அழுத்தினான். அப்புறம் காதை வைத்துக்கொண்டு, தேங்காய் வாங்குகிறவன் மாதிரி விரலை மடக்கி, தலையிலிருந்து வால் வரைக்கும் தட்டிக்கொண்டே போனான். டொக், டொக், டொக். எங்கேயும் சத்தம் மாறவில்லை.

"காஞ்சிருக்குண்ணா" என்றான். தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் ஓடிவிட்டான். மச்சினன் முகம் ஒரு மாசத்துக்கு அப்புறம் மனுஷ முகமாக மாறியது.

நானும் ஏதோ சாதித்துவிட்ட மாதிரி மலைக்குத் திரும்பினேன். வாசலில் மனைவி.

"ஏங்க.. பாத்ரூம் கதவுக்குன்னு ஒரு டப்பா கருநீலம் வாங்கி வெச்சிருந்தோமே, எங்க?"

"அது.. அது வந்து.. ஆசாரி என்ன சொல்றார்னா, கதவு மொதல்ல நல்லா காயணுமாம்!"